‘இப்படிக்கு, ஒரு சோம்பேறி’

பதினோரு பக்கக் கடிதம். கோடு போட்ட தாள், நீல மை. முதல் பக்கத்தில் தேதி மார்ச் 2. உறையின் மேல் தபால் முத்திரை மார்ச் 27. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் கறுப்பு மையில் சில வரிகள்: “இதைச் சுருக்கி, திருத்தி, நல்லபடியாக எழுதி அனுப்ப நினைத்தேன். முடியவில்லை. அப்படியே அனுப்புகிறேன். இப்படிக்கு, ஒரு சோம்பேறி.”

எழுதியவருக்கு வயது 28. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. 2023 ஜனவரியில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையோடு வரலாற்றுத் துறையில் பிஎச்.டி. சேர்ந்தார். ஆய்வு கண்மாய்ப் பாசனம் பற்றியது. (கண்மாயை ஆராய்கிறவர்கள் பலர் இருப்பதால் தலைப்பை மறைக்கவில்லை. ஊர், பல்கலைக்கழகம், ஆட்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன்.) களப்பணி முடிந்துவிட்டது. 43 பேரிடம் எடுத்த பேட்டிகள் போனில் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் ஒன்பது நோட்டில் இருக்கின்றன. ‘படிக்க வேண்டியவை’ என்ற ஃபோல்டரில் 312 பிடிஎஃப்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் முதல் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் எழுதி கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) கொடுத்தார். அது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘மொழி மோசம், திருப்பி எழுதவும்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை. காலை ஒன்பது மணிக்கு லேப்டாப் திறக்கிறார். டீ. மெயில். ‘இந்த ஒரு கட்டுரையை மட்டும் படித்துவிட்டு’ என்று ஒரு பிடிஎஃப். அப்புறம் போன். மாலை நாலு மணிக்கு, ‘இனிமேல் இன்றைக்கு என்ன, நாளைக்குக் காலையில் புதிதாக’ என்று மூடிவைக்கிறார். கைடு எதிரே வந்தால் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிவிடுகிறார். பள்ளியில் படிக்கும்போது ஊர்ப்புற நூலகத்தின் அலமாரியை ஏறக்குறைய முடித்தவர் இப்போது ஒரு நாவலில் இருபது பக்கம் தாண்ட முடியவில்லை என்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. இது சோம்பலா, நோயா? மூன்று வருடம் தாண்டிவிட்டதால் பதிவு ரத்தாகிவிடுமா? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் அத்தியாயத்துக்கு 15,000 வீதம் மொத்தம் 60,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

கேள்விகளுக்குப் போகும் முன் எட்டாம் பக்கம். “சில நாள் விடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்” என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியிலேயே ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நிற்கிறேன். அது ‘நாளைய பொழுதை எதிர்கொள்ள அலுப்பாக இருக்கிறது’ என்ற அளவில் இருக்கலாம். ‘நான் இல்லாமல் போனால் தேவலை’ என்பதாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் என்றால், இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதல் வகைதான் என்றாலும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்ததில்கூட மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டையும் ரத்தசோகையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சிறு வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், பொருள்களைத் தொலைத்துக்கொண்டு, வேலைகளைப் பாதியில் விட்டுக்கொண்டு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையாகாது.

இப்போது ‘ஒரு சோம்பேறி’ என்ற அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்.

மடியின்மை அதிகாரத்தில் ஒரு குறள் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கை எண்ணிக்கொண்டு போகிறது. நெடுநீர் என்றால் காலம் நீட்டித்தல். மடி என்றால் சோம்பல். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஏழு சீருக்குள் இரண்டு சொல்லைச் செலவழிக்கிற ஆள் இல்லை வள்ளுவர். நான்குமே ஆளைக் கெடுப்பவை என்றுதான் அவர் சொல்கிறார், அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் வேறு வேறு. சோம்பேறிக்கு வேலை கிடப்பதில் வருத்தமே இல்லை, மத்தியானம் படுத்தால் நன்றாகத் தூங்குவார். தள்ளிப்போடுகிறவருக்குத் தூக்கம் வராது. டவுன் பஸ் பிடித்து, வெயிலில் கரைமேல் நடந்து, 43 பேரை உட்காரவைத்துப் பேசவைத்தவர் சோம்பேறி என்றால் என் அகராதியை மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு இது என்னதான்? தள்ளிப்போடுதலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஃபுஷியா சிரோயிஸ், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள். 2013இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் சொன்னது இது: தள்ளிப்போடுகிறவர் நேரத்தைக் கையாளத் தெரியாதவர் என்பதைவிட, அந்த வேலை கிளப்பிவிடும் கசப்பான உணர்ச்சியிலிருந்து அந்த நிமிடத்துக்குத் தப்பிக்கிறவர். உங்கள் காலை ஒன்பது மணியை இதை வைத்துப் பாருங்கள். லேப்டாப் திறக்கிறது. வெள்ளைத் திரை. உடனே அந்தச் சிவப்பு மை. நெஞ்சில் ஒரு அடைப்பு. ‘சரி, இந்த ஒரு கட்டுரையைப் படித்துவிடலாம்’ என்றதும் அடைப்பு இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதி ஒவ்வொரு நாளும் கைமேல் கிடைக்கும் கூலி. கூலி கிடைக்கிற வேலையை மனசு விடாது. அதனால்தான் நீங்கள் போட்ட டைம்டேபிள்கள் (ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்று நாலு கலரில்) எதுவும் நிற்கவில்லை. டைம்டேபிள் நேரத்தைத்தான் ஒழுங்குபடுத்தும், நெஞ்சடைப்புக்கு அதனிடம் மருந்து இல்லை.

உங்களைத் திட்டிக்கொள்வதும் மருந்தில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், ‘சரி, நடந்தது நடந்துவிட்டது’ என்று தன்னை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். ‘மாதம் 42,000 வாங்கிக்கொண்டு அரசாங்கக் காசைத் தின்கிறேன்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மறுநாள் காலை அடைப்பு இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

படிப்பு என்ற ஒளிவிடம்

‘போனால்தான் கெட்டேன்’ என்கிறீர்கள். எனக்கு உங்கள் போனைவிட அந்த 312 பிடிஎஃப் மேல்தான் சந்தேகம். ரீல்ஸ் பார்த்தால் குற்ற உணர்ச்சியாவது வருகிறது. ஆய்வுக் கட்டுரை படித்தால் அது வராது, உழைத்த மாதிரியே இருக்கும். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து, மூன்று கலரில் அடிக்கோடு போட்டுவிட்டு வந்த நாளை ‘நல்ல நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கும் எழுதியது பூஜ்யம்தானே? ‘எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எழுதலாம்’ என்ற எண்ணம் தப்பு. எந்தத் துறையிலும் படித்து முடிகிற நாள் ஒன்று வராது. எழுதிப் பார்த்தால்தான் எதைப் படிக்க வேண்டும் என்பதே தெரியும். 312இல் முப்பது போதும் என்பது நாலு பக்கம் எழுதியதும் உங்களுக்கே விளங்கும்.

நாவல் படிக்க முடியாததை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க ‘இதிலிருந்து எனக்கு என்ன கிடைக்கும்’ என்று குறிப்பெடுத்துக்கொண்டே படித்த கண்ணுக்கு ராத்திரி கதை ஓடாது. பள்ளியில் படித்த காலத்தில் உங்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் வாங்குங்கள், அச்சுப் புத்தகம். தூங்கும் முன் பத்துப் பக்கம், கையில் பென்சில் கூடாது. பிடிக்காவிட்டால் ஐம்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். போதும், இதை ஒரு திட்டமாக ஆக்கிவிடாதீர்கள்.

பதினோரு பக்கம் எப்படி வந்தது?

இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். ‘எனக்கு எழுதவே வராது’ என்று சொல்ல, ஒரே இரவில், பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள், பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அடித்தல் திருத்தல் மொத்தமே ஏழெட்டு இடம். நான் எண்ணிப் பார்த்தேன், ஏறத்தாழ 2,200 சொல். ஒரு அத்தியாயத்தில் கால்வாசி.

அப்படியானால் எழுத வருகிறது. எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தால் மூன்று வித்தியாசம் தெரிகிறது. கடிதம் தமிழில், தீசிஸ் ஆங்கிலத்தில். கடிதம் பேனாவில், தீசிஸ் திரையில். கடிதத்தைப் படிக்கப்போவது மதிப்பெண் போடாத ஒரு அந்நியர், தீசிஸைப் படிக்கப்போவது சிவப்புப் பேனா வைத்திருப்பவர்.

‘மொழி மோசம்’ என்று அவர் எழுதியதை ‘நீ மோசம்’ என்று படித்திருக்கிறீர்கள். தமிழ்வழியில் படித்து வந்த பல ஆய்வு மாணவர்கள் என் முன்னால் இதே இடத்தில் அழுதிருக்கிறார்கள். யோசிப்பது ஒரு மொழியில், எழுதுவது இன்னொரு மொழியில் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. முதல் வேலை முடிவதற்குள் இரண்டாவதற்குத் திட்டு விழுந்தால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே பிரித்துச் செய்யுங்கள். முதல் வரைவு தமிழில், பேனாவில். வாதம் உருவான பிறகு ஆங்கிலம். உங்கள் துறையில் தமிழிலேயே ஆய்வேடு சமர்ப்பிக்க விதி இடம் தருகிறதா என்றும் ஒருமுறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் கிடைக்கும், சில இடங்களில் கிடைக்காது. கேட்டதால் நஷ்டமில்லை.

விதி என்ன சொல்கிறது

மூன்று வருடம் முடிந்ததும் பதிவு ரத்தாகும் என்று உங்களுக்குச் சொன்ன சீனியர் தப்பாகச் சொல்லியிருக்கிறார். 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைப்படி மூன்று ஆண்டு என்பது குறைந்தபட்சம். அதிகபட்சம், சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு. அதன்பின் மறுபதிவு மூலம் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு ஆண்டு தர இடமிருக்கிறது, ஆனால் மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக்கூடாது. ஆகவே உங்கள் ஆறு ஆண்டு 2029 ஜனவரியில்தான் முடிகிறது.

இதைப் படித்ததும் ‘அப்பாடா, நிறைய நேரம் இருக்கிறது’ என்று லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். உண்மையான கெடு பணத்துக்கு. ஜேஆர்எஃப், அதன் தொடர்ச்சியான எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) உதவித்தொகை இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுதான். உங்கள் கணக்கில் அது 2028 ஜனவரியோடு நின்றுவிடும். வீட்டுக்கு மாதம் 15,000 அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். அதே விதிப்படி செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். போன முறை ‘உடம்பு சரியில்லை’ என்று போகாமல் இருந்துவிட்டீர்கள். முன்னேற்றம் போதவில்லை என்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழி சொல்லும். அதையும் செய்யாவிட்டால்தான் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். அதாவது குறைவாகக் காட்டுகிறவருக்கு வழி இருக்கிறது, தலையே காட்டாதவருக்குத்தான் சிக்கல். அடுத்த கூட்டத்துக்குக் கையில் பத்துப் பக்கம் இருந்தாலும் போய் உட்காருங்கள்.

இரண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால்தான் சமர்ப்பிக்க முடியும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதியில் யுஜிசி எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது கேட்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த 60,000 ரூபாய்

வேண்டாம். ஒழுக்கம் பேசி நீட்டப் போவதில்லை, காரியமாகவே சொல்கிறேன். யுஜிசியின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை பத்து சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பதுவரை போனால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். நாற்பதுக்கு மேல் அறுபதுவரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவு ரத்து. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால்கூடப் பட்டத்தை நிறுத்திவைக்கலாம். அந்த ஆள் ‘சாஃப்ட்வேரில் மாட்டாது’ என்று சொல்லியிருப்பார், மாட்டாமலும் போகலாம். அப்போதும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்காரப்போவது நீங்கள்தான். காசு வாங்கி எழுதிக் கொடுத்த ஒருவர், வேலை கிடைத்த பிறகு ‘இன்னும் கொஞ்சம் அனுப்புங்க மேடம்’ என்று போன் செய்ததால் என் அறைக்கு வந்த ஒரு விரிவுரையாளரை எனக்குத் தெரியும்.

ஏஐயிடம் எழுதச் சொல்லலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதன் இலக்கணத்தைச் சரிபார்ப்பது வேறு, இல்லாத அத்தியாயத்தை உண்டாக்குவது வேறு. முதலாவதற்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்துவிட்டு, கைடிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது செய்தால் அந்த 43 பேரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதி வைத்துவிடும்.

விட்டுவிடலாமா?

விடலாம். அது பாவமில்லை. நீங்கள் நினைப்பதுபோல் ‘ஆறு வருடம் பின்னால் போய் பூஜ்யத்தில் நிற்க’ வேண்டியதும் இல்லை. ஜேஆர்எஃப்போடு வந்த உதவிப் பேராசிரியர் தகுதி காலாவதி ஆகாது. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் என்ற தகுதித் தேர்வு போதும் என்று யுஜிசி சொல்லிவிட்டது. போட்டியில் பிஎச்.டி. உள்ளவர்கள் முன்னால் நிற்பார்கள் என்பதும் உண்மை. பாதியில் எம்.ஃபில். வாங்கிக்கொண்டு வெளியேற வழி இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்தப் படிப்பையே நிறுத்தியாகிவிட்டது. விலகினால் உதவித்தொகையில் ஏதாவது திருப்பிக் கேட்பார்களா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்த முடிவை மாலை நாலு மணிக்கு எடுக்காதீர்கள். வேலையிலிருந்து விலக நினைக்கிறீர்களா, சிவப்பு மையிலிருந்தா என்பது அந்த நேரத்தில் தெரியாது. ஆறு மாதம் நான் கீழே சொல்கிறபடி எழுதிப் பாருங்கள். இரண்டு அத்தியாயம் கரடுமுரடாகவாவது கையில் இருக்கும்போதும் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று தோன்றினால், தாராளமாக எழுந்து போங்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு வரி. “தீசிஸ் முடிந்ததும் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார்.” அதற்குமேல் ஒரு சொல் இல்லை. மற்ற எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறீர்கள், இதை ஒரே தடவை. நான் ஊகமாகத்தான் கேட்கிறேன்: முடித்தால் எது தொடங்கிவிடும் என்று இருக்கிறதோ, அது உங்களுக்கு வேண்டாததாக இருந்தால், எழுதாமல் இருப்பதுதான் வீட்டில் நீங்கள் சொல்லாத பதிலோ? அப்படியில்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். அப்படித்தான் என்றால் அந்தப் பேச்சைத் தனியாகப் பேசியாக வேண்டும். உங்களுக்கு 28 வயது, உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் முடிவு செய்ய முடியாது. அப்பாவிடம் நேரே பேச வாய் வராவிட்டால் அத்தையோ சித்தியோ யாராவது ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். கண்மாயைப் பற்றிய ஆய்வேடு கல்யாணத்துக்கு அணை போட்டுக்கொண்டு எத்தனை நாள் நிற்கும்?

திங்கட்கிழமை காலை

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் என்று விட்டுப்போனதை எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? அறுவை சிகிச்சையால் மாறிய தன் முகம் ஒரு நோயாளிக்குப் பழக ஏறக்குறைய அத்தனை நாளாவது ஆகிறது என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே ‘சேலஞ்ச்’ நடத்துகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, ஒருவருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் விட்டால் பத்தாம் நாள் உட்காருங்கள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும், லேப்டாப் திறக்காமல், போனை அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டு, அதே கோடு போட்ட தாளில் அரை மணி நேரம் தமிழில் எழுதுங்கள். படிப்பதற்கு முன்னால் எழுத வேண்டும், படித்த பிறகு என்றால் நாலு மணி ஆகிவிடும். முந்தின நாள் போனில் கேட்டு வைத்த ஒரு பேட்டி, அதைப் பற்றி மட்டும். ஆதாரம் தேட எழுந்தால் அன்றைய எழுத்து போச்சு, ‘இங்கே ஆதாரம்’ என்று வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். அரை மணி முடிந்ததும், எழுத வந்துகொண்டே இருந்தாலும், நிறுத்திவிடுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது. சனிக்கிழமை மட்டும் அந்த வாரப் பக்கங்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

அடுத்தது கைடு. நாலாம் பக்கத்தில், அவர் அலுவலக உதவியாளரிடம் இரண்டு தடவை ‘அந்தப் பொண்ணு வர்றாளா’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டார் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அக்கறையில் கேட்டிருக்கவும் கூடும் இல்லையா? பின்படிக்கட்டில் இறங்குவதை நிறுத்த ஒரு மெயில் போதும். விளக்கமோ மன்னிப்புப் புராணமோ வேண்டாம். இப்படி எழுதலாம்: “ஐயா, கடந்த சில மாதங்களாக எழுத்து நின்றுபோயிருந்தது, மறுபடி தொடங்கியிருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பக்கம் அனுப்ப அனுமதி வேண்டும். மொழியைப் பிறகு திருத்திவிடுகிறேன், இப்போதைக்கு வாதம் சரியாகப் போகிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.” இதற்கும் அவர் அவமானப்படுத்தும்படி பதில் சொன்னால் அப்போது பேச்சே வேறு. துறைத் தலைவர் மூலம் கைடை மாற்றக் கேட்கலாம். 2023 யுஜிசி விதிப்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அங்கேயும் போகலாம். ஆனால் சிவப்பு மையில் எழுதிய ஒரு வரியை வைத்து அங்கே போக வேண்டாம்.

நானும் ஒன்றும் ஒழுங்கு கிடையாது. இந்தப் பத்திக்குக் கெடு 5ஆம் தேதி, 4ஆம் தேதி இரவு பதினோரு மணிக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் கடிதத்தின் நகல் இருக்காது என்று நினைக்கிறேன். ஏழாம் பக்கத்தில், ‘எழுத வராததற்கு உதாரணம்’ என்று சொல்லி, தீசிஸில் சேர்க்கத் தெரியாமல் தவிக்கிற ஒரு விஷயத்தை எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் கீழே தருகிறேன். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பத்தி இதுதான். திங்கட்கிழமை காலை இதைத் தாளின் மேலே எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

“கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மடையைத் திறக்க ஒரே மூச்சில் உள்ளே இறங்க வேண்டுமாம். தண்ணீருக்குள் தூம்பின் வாய் கண்ணுக்குத் தெரியாது, கால்விரலால்தான் தடவிக் கண்டுபிடிப்பார்களாம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன் வலது கால் பெருவிரலை எனக்குக் காட்டினார், நகம் இல்லை. எழும்பூரில் நான் பார்த்த பழைய கோப்புகளில் மடை இருக்கிறது, கலுங்கு இருக்கிறது, கரையைப் பழுது பார்த்த செலவு அணா, பை வரைக்கும் இருக்கிறது. உள்ளே இறங்கினவர் பெயர் மட்டும் ஒரு கோப்பிலும் இல்லை.”